பல் போடாத கன்றும் பதினேழு வயசுப் பையனும்

“அண்ணா, கையில ஆறு லட்சம் சேர்ந்துருச்சுங்ணா. நல்ல ஸ்ட்ரைக்கரா ஒருத்தன வாங்கிப் போட்டுரட்டுங்களா, இல்ல சின்னப் பசங்களா எடுத்துப் பழக்கட்டுங்களா?”

கோபியில் இருக்கும் என் சித்தி மகன் ராத்திரி பதினொன்றரைக்கு அனுப்பிய சேதி இது. ஆறு லட்சம் என்றதும் வயலை விற்ற காசு என்று நினைத்துவிடாதீர்கள். ஹாட்ரிக் என்ற இணைய விளையாட்டில் அவன் அணியின் கணக்கில் கிடக்கும் பணம். 1997-இல் ஸ்வீடனில் தொடங்கிய கால்பந்து நிர்வாக விளையாட்டு அது. பந்தை உதைக்கிற வேலை நமக்கு இல்லை. ஆளை வாங்குவது, விற்பது, யாருக்கு என்ன பயிற்சி கொடுப்பது, ஸ்டேடியத்தில் எத்தனை இருக்கை போடுவது, இவ்வளவுதான். ஒரு லீக்கில் எட்டு அணி, 14 ஆட்டம், மொத்தம் 16 வாரம் ஒரு சீசன். 16 வாரம் என்றால் 112 நாள். அங்கே ஆட்டக்காரனுக்கு 112 நாளில் ஒரு வயசு ஏறிவிடும். இந்த 112-ஐ மறந்துவிடாதீர்கள், நான் ஒருமுறை ஏமாந்ததே அதில்தான்.

அவன் கேட்டது இரண்டு வழி. உண்மையில் நாலு இருக்கிறது. பழுத்த ஆளை வாங்கி உடனே ஜெயிக்கப் பார்ப்பது ஒன்று. பதினேழு வயசுப் பையன்களை வாங்கிப் பயிற்சி கொடுத்து விற்பது இரண்டு. பயிற்சியே இல்லாமல், மலிவாக மாட்டுகிறவனை வாங்கி அடுத்த வாரமே கூடுதலுக்குத் தள்ளுவது மூன்று. எதையும் வாங்காமல் காசை அப்படியே வைத்துக்கொண்டு சந்தை இறங்கட்டும் என்று காத்திருப்பது நாலு. நாலையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி கணக்கு எழுதுகிறவனுக்கு இதுவும் ஒரு லெட்ஜர்தான்.

எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, காங்கயம் பக்கம் மாடு வைத்திருந்தவர். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் என்னையும் கூட்டிப்போவார். காங்கயம் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாசத்துக்கு மேல்தான் மெல்ல மயிலை நிறத்துக்கு வரும். நிறத்தை, திமிலை, கொம்பை எல்லாரும் பார்ப்பார்கள். அப்பிச்சி நேராகப் போய் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், மாட்டின் வயசு அதில்தான் தெரியும். பல் போடாத கன்றுக்கு ஒரு விலை, இரண்டு பல்லுக்கு ஒரு விலை, நாலு பல்லுக்கு வேறு விலை. கடைப்பல்லும் வந்துவிட்டால் கடை சேர்ந்த மாடு. இன்றைக்கு வண்டியில் பூட்டினால் இன்றைக்கே இழுக்கும். இனி வளராது, அவ்வளவுதான். “பூட்டறதுக்கு வாங்கறயா, வளத்தறதுக்கு வாங்கறயா, அத மொதல்ல சொல்லு” என்று தரகர் கேட்பார். ஹாட்ரிக் சந்தையில் பல்லுக்குப் பதிலாக வயசும் நாளும் எழுதியிருக்கும். கேள்வி அதேதான்.

பூட்டுவதற்கு வாங்குவதை முதலில் பார்ப்போம், அதில் சொல்ல அதிகம் இல்லை. இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு ஸ்ட்ரைக்கர் அன்றே கோல் போடுவான். அணி மேல் லீக்குக்கு ஏறினால் கூட்டமும் கூடும், வசூலும் கூடும். ஆனால் அவன் விலை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு படி இறங்கும், சம்பளம் வாரா வாரம் போகும். வேறு நாட்டு ஆள் என்றால் சம்பளத்தில் 20 சதவீதம் கூடுதல். முப்பதை நெருங்கினால் திறமையே தேய ஆரம்பிக்கும். சீசன் தொடங்கும்போது எல்லாருக்கும் ஆள் வேண்டும் என்பதால் விலை ஏறி நிற்கும். லீக் முடிகிற வாரங்களில் யாருக்கும் அவசரமில்லை. அதாவது ஏறின நேரத்தில் வாங்கி, இறங்கின நேரத்தில் விற்கிறோம். மேல் லீக்குக்குப் போக ஒரே ஒரு ஆள்தான் குறைகிறது என்கிற அணிக்கு இது சரி. தம்பியின் அணியில் குறைகிற ஆட்களை எண்ண இரண்டு கை போதாது.

இப்போது விலைவாசி. ஏன் சந்தை ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று தெரியாமல் இந்த நாலு வழியையும் ஒப்பிட முடியாது.

நான் உன்னிடம் ஒரு ஆளை வாங்கினால் என் பணம் உன் கைக்கு வருகிறது. விளையாட்டில் இருக்கும் மொத்தப் பணம் அதனால் கூடுவதில்லை. புதுப்பணம் வருவது டிக்கெட் வசூல், ஸ்பான்சர், பரிசு, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கும் தொடக்கப் பணம் இவற்றில்தான். இதெல்லாம் ஊற்றுக்கண் மாதிரி, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சுரக்கும். அதேபோல சம்பளம், ஸ்டேடியப் பராமரிப்பு, பயிற்சியாளர் செலவு, ஆள் விற்கும்போது ஏஜென்ட் எடுக்கும் பங்கு இவை காற்றில் கரைந்துபோகும். ஊறுவது கரைவதைவிட அதிகமானால் எல்லார் கையிலும் காசு புழங்கும், அதே ஆளுக்கு அதிக விலை கேட்பார்கள். இது பாதி. மறுபாதி, பயிற்சியால் புதுத் திறமை எவ்வளவு வருகிறது, வயசானதால் எவ்வளவு தேய்கிறது என்பது. ஆயிரம் பேர் விளையாட்டை விட்டுப் போனால் வாங்குகிற கை ஆயிரம் குறையும்; ஆனால் மிச்சமிருப்பவர்கள் பயிற்சி கொடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். அப்போது விலை சரியும். நிர்வாகத்தார் ஆட்டக் கணக்கின் விதியை ஒரு இடத்தில் மாற்றினாலும் ஒரு வகை ஆட்டக்காரனுக்கு மட்டும் கிராக்கி கூடி, இன்னொரு வகை சும்மா கிடக்கும்.

இங்கேதான் நான் ரொம்ப நாள் தப்பாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு லட்சத்துக்கு வாங்கி இரண்டரை லட்சத்துக்கு விற்றால் ஒன்றரை லட்சம் லாபம் என்று எழுதிக்கொள்வேன். காசில் எண்ணினால் அப்படித்தான் தெரியும். ஆனால் விற்ற கையோடு அடுத்த பையனை வாங்கப் போனால் அவன் விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்பார்கள். காசு கூடியிருக்கிறது, அது வாங்கும் ஆள் குறைந்திருக்கிறது. ஆகவே பணத்தை எண்ணாதே, பையனை எண்ணு. கையில் இருப்பதை எல்லாம் விற்றால் இன்றைய விலைக்குப் பயிற்சிக்கு ஏற்ற பதினேழு வயசுப் பையன்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? அதுதான் என் அளவுகோல்.

தம்பிக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, அவரவர் லீக்கில் மாறும். ஆறு லட்சத்துக்கு ஆறு பையன்கள், ஆளுக்கு ஒரு லட்சம். ஒரு சீசன் பயிற்சிக்குப் பிறகு இரண்டரை லட்சம் ஆகிறான் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 லட்சம். ஏஜென்ட் பங்கு இத்யாதி பத்து சதவீதம் போனால் 13.5. வாரம் 2,000 வீதம் ஆறு பேருக்கு 16 வாரச் சம்பளம் 1.92 லட்சம். பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர்களுக்கு வாரம் 12,000 என்றால் இன்னொரு 1.92. மிச்சம் 9.66 லட்சம். சந்தை அசையாமல் இருந்தால் ஆறு பையன் ஒன்பதரைக்கு மேல் ஆகிறான்.

சந்தை 40 சதவீதம் ஏறினால்? விற்கும் விலை மூன்றரை. 21 லட்சத்தில் பத்து சதவீதம் போய் 18.9, செலவு போய் 15.06 லட்சம். புதுப் பையன் இப்போது ஒன்று நாற்பது. வகுத்துப் பாருங்கள், பத்தே முக்கால் பையன். சரி, சந்தை 20 சதவீதம் இறங்கினால்? 12 லட்சம், தரகு போய் 10.8, செலவு போய் 6.96. பையன் விலை எண்பதாயிரம். எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு.

ஏறினாலும் இறங்கினாலும் எட்டே முக்காலுக்கும் பத்தே முக்காலுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அந்த இரண்டு பையன் வித்தியாசமும் எதனால் என்றால், சந்தை ஏறியதற்காக யாரும் சம்பளத்தையும் பயிற்சிச் செலவையும் ஏற்றுவதில்லை, இறங்கியதற்காகக் குறைப்பதும் இல்லை.

அதே ஆறு லட்சத்தைச் சும்மா வைத்திருந்தால், சந்தை ஏறும்போது நாலு பையனுக்குக் கொஞ்சம் மேலே, இறங்கும்போது ஏழரைப் பையன். ஸ்ட்ரைக்கரை வாங்கியிருந்தால், ஒரு சீசனில் மதிப்பில் 30 சதவீதம் போகிறது, வாரம் 15,000 சம்பளம் என்று வைத்தால், அசையாத சந்தையில் ஒன்றரைப் பையனுக்கே காசு தேறாது. ஏறினால் இரண்டு. இறங்கினால் ஒரு பையன்கூட முழுசாக இல்லை. அவன் போட்ட கோல், கூடின வசூல் இதில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சேர்த்தாலும் கீழ் லீக் வசூல் எவ்வளவு என்பது தம்பிக்கே தெரியும்.

காசை வைத்துக் காத்திருப்பது இறங்கும் சந்தையில் நல்ல வழி மாதிரித் தெரிகிறதே என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்து இரண்டு சீசன் உட்கார்ந்தேன். சந்தை இறங்கியது உண்மைதான். ஆனால் அந்த 32 வாரமும் என் பயிற்சியாளர் சம்பளம் வாங்கிக்கொண்டு, ஒரு மதிப்பும் ஏறாத முப்பது வயசுக்காரர்களைப் பழக்கிக்கொண்டிருந்தார். பயிற்சி வாரம் என்பது ஆற்றுத் தண்ணீர் மாதிரி. கீழ்பவானி வாய்க்காலில் முறைத் தண்ணீர் வரும் நாளில் மடை திறக்காமல் விட்டுவிட்டு அடுத்த மாசம் இரட்டிப்பாக விடச் சொல்ல முடியுமா?

வாங்கி விற்பதற்கு வருகிறேன். சந்தையில் கையைத் துண்டுக்குள் விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன விலை என்று தெரியாது, அதில்தான் தரகருக்குப் பிழைப்பு. ஹாட்ரிக்கில் துண்டு கிடையாது. ஆளை ஏலத்தில் விட்டால் மூன்று நாள் எல்லார் கண்ணிலும் படும். கடைசி மூன்று நிமிஷத்துக்குள் யாராவது கேட்டால் இன்னும் மூன்று நிமிஷம் நீளும், ஆகவே கடைசி நொடியில் அள்ளிக்கொண்டு போகவும் முடியாது. போதாததற்கு வாங்கின சூட்டோடு விற்றால் ஏஜென்ட் பங்கு அதிகம், நாள் ஆக ஆகக் குறையும். தினமும் நாலு மணி நேரம் பட்டியலைச் சலித்தால் சில்லறை தேறும். எனக்கு அது வேலைக்கு மேல் ஒரு வேலை. ஆனால் இதை எல்லா விளையாட்டுக்கும் பொதுவாகச் சொல்லமாட்டேன். ஃபிஃபா அல்டிமேட் டீம் என்று இருந்து, 2023 முதல் இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி என்ற பெயரில் வரும் விளையாட்டில், ஒவ்வொரு விற்பனையிலும் 5 சதவீதம் வெட்டிக்கொள்வார்கள். பயிற்சி கொடுத்து ஆளை வளர்ப்பது அங்கே பிழைப்பு அல்ல. அங்கே ஆட்டக்காரன் என்பது ஒரு அட்டைதான், புதுப்புது அட்டை வரவர பழைய அட்டை விலை இறங்கிக்கொண்டே போகும். அங்கே வாங்கி விற்கிறவன்தான் கெட்டிக்காரன். இங்கே வளர்க்கிறவன்.

சரி, வளர்ப்பது என்று முடிவானால் எதில் வளர்ப்பது? ஒப்பீட்டில் கனமான இடம் இதுதான், ஏனென்றால் மேலே போட்ட கணக்கு முழுவதும் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: பையன் விலையும் பழகின ஆள் விலையும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்பது. எப்போதும் அப்படி நடக்காது. ஈரோட்டு மஞ்சளைக் கேளுங்கள். 2010-இல் குவிண்டால் பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. அதைப் பார்த்துத் தண்ணீர் வசதி இருந்தவன், இல்லாதவன் எல்லாம் மஞ்சள் ஊன்றினான். மஞ்சள் ஒன்பது பத்து மாசம் மண்ணில் கிடக்க வேண்டிய பயிர். ஊன்றும்போது இருந்த விலை வெட்டும்போது இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 2012-இல் ஐயாயிரத்துக்கும் கீழே போனது. விதை மஞ்சளை ஏறின விலைக்கு வாங்கினவன் கதை என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹாட்ரிக்கிலும் ஒரு திறமைக்கு விலை ஏறியது தெரிந்தால் பாதிப்பேர் அந்தப் பயிற்சிக்கு மாறுவார்கள். முதலில் அதற்கேற்ற பதினேழு வயசுக்காரன் விலை ஏறும். ஒரு சீசன் கழித்து பழகின ஆட்கள் மொத்தமாக ஏலத்துக்கு வருவார்கள். வாங்கும்போது ஏற்றம், விற்கும்போது இறக்கம்.

வாரத்துக்கு ஒரு லீக் ஆட்டம், நடுவில் ஒரு நட்பு ஆட்டமோ கோப்பை ஆட்டமோ. எந்த இடத்தில் ஆடினானோ அதை வைத்துத்தான் பயிற்சி. கோல்கீப்பர் பயிற்சி என்றால் ஆட்டத்துக்கு ஒருவன், வாரத்துக்கு இரண்டே பேர். திறமை வேகமாக ஏறும், ஆனால் உலகத்தில் எந்த அணிக்கும் ஒரு கீப்பர் போதும். வாங்குகிறவன் குறைவு. தடுப்பாட்டம் என்றால் ஐந்து ஐந்தாகப் பத்துப் பேர் வரை பழக்கலாம். மெதுவாக ஏறும், பத்துப் பேருக்கு முதல் வேண்டும். ஸ்ட்ரைக்கர் பயிற்சிக்கு ஆறு பேர், ஆனால் மூன்று பேரையும் முன்னால் நிறுத்தி ஆடினால் நடுக்களம் காலியாகி லீக்கில் உதை வாங்குவோம். நடுக்களப் பயிற்சியில் ஆட்டத்துக்கு மூன்று பேருக்கு முழுப் பலன், இரண்டு பக்கவாட்டு ஆட்களுக்குப் பாதிப் பலன். வாரத்துக்கு ஆறு பேர், கூடவே நாலு அரைகுறை. பந்து யாரிடம் இருக்கும் என்பதை நடுக்களம்தான் தீர்மானிக்கிறது, ஆகவே எல்லா அணிக்கும் மூன்று பேர் வேண்டும், மேல் லீக்கிலும் வேண்டும், கீழ் லீக்கிலும் வேண்டும். கூட்டம் அதிகம்தான், ஆனால் வாங்குகிறவன் எப்போதும் இருப்பான். ஆறு லட்சம் வைத்திருப்பவனுக்கு ஆறு பையன், கணக்கும் ஒட்டுகிறது. விற்றுத் தீராவிட்டாலும் சொந்த அணியில் நிறுத்திக்கொள்ளலாம், இரண்டாவது கீப்பரை அப்படி நிறுத்த முடியாது. தம்பிக்கு நடுக்களம் என்றே சொன்னேன்.

ஒரு யோசனையும் சேர்த்துச் சொன்னேன். பயிற்சி விவரம் வெளியாகும் நாளில்தான் ஒரு படி ஏறின ஆட்களை எல்லாரும் விற்கப் போடுவார்கள். அன்றைக்கு வாங்கு, விற்பதை நாலு நாள் தள்ளிப் போடு.

இனி நான் ஏமாந்த கதை. தொடங்கின புதிதில் பதினேழு வயசு என்று வடிகட்டித் தேடினேன். ஒருத்தன் பாதி விலைக்கு வந்தான். திறமை எல்லாம் மற்றவர்களைப் போலத்தான். ஆகா, யாரும் பார்க்கவில்லை என்று அடித்துப் பிடித்து வாங்கினேன். எட்டாம் நாள் பார்த்தால் வயசு பதினெட்டு. பட்டியலில் ‘17 வயசு 104 நாள்’ என்றுதான் போட்டிருந்தது, நான் 17-ஐ மட்டும் படித்திருக்கிறேன். இளசாக இருக்கும்போதுதான் பயிற்சி வேகமாக ஏறும், அதற்குத்தான் அந்த விலை. 17 வயசு 5 நாள் என்பவனுக்கும் 104 நாள் என்பவனுக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு சீசனே கிடக்கிறது. அப்பிச்சி இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார். சந்தையில் மலிவாக நிற்கிற கன்றை எல்லாரும் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால் நீ இன்னும் வாயைத் திறந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இதை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபிக்கே போய், சித்தி வைத்த அரிசிம்பருப்புச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே விளக்கினேன். ஒரு பையனுக்கு ஒன்று இருபதுக்கு மேல் போகாதே, மேலே போனால் என் கணக்கு உடைந்துவிடும் என்றேன். தலையாட்டினான். அன்று ராத்திரியே ஒரு போலந்துப் பையன் மேல் ஏலம் கேட்க உட்கார்ந்தான். எதிரில் இத்தாலிக்காரன் யாரோ. மூன்று மூன்று நிமிஷமாக நீண்டு பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. “கண்ணு, வெளக்க அமத்திட்டுப் படு, காத்தால எந்திரிக்கோணுமல்ல” என்று சித்தி இரண்டு தடவை சத்தம் போட்டார்.

“ஒண்ணு இருபத்திரண்டுக்குப் போயிருச்சுங்ணா. விட்டுட்டேன்.”

எனக்கே பெருமையாக இருந்தது. புதன்கிழமை மறுபடி சேதி வந்தது, நாலு பேரை வாங்கிவிட்டேன் என்று, படத்தோடு. எல்லாரும் நடுக்களம். முதல் ஆள் 17 வயசு 6 நாள். அடுத்தவன் 17 வயசு 11 நாள். மூன்றாவது ஆள் 3 நாள்தான், நல்ல பொறுக்கு.

“கடைசில இருக்கறவன் மட்டும் செம மலிவுங்ணா, நாப்பதாயிரத்துக்கே கெடச்சுட்டான், ஒருத்தரும் போட்டிக்கே வரல!”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 17 வயசு 108 நாள்.